பன்னாட்டு உதவித் திட்டங்களால் சிற்றூர்ப் பெண் தொழில்முனைவோருக்கு உண்மையில் பயன் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது கை கொடுத்தது, ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். பிறகு மாநில அரசு அதை மகளிர் திட்டமாக விரித்தது. இன்று காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி வங்கி மேலாளர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடன் கேட்கிறாள் என்றால், அதற்கான விதை அங்கே போடப்பட்டது.

நான் காரைக்குடியில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கும் இணைய விற்பனையும் பார்க்கிறேன். பனங்குருத்தை வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவைத்து, ஓலையின் ஈரம் போகுமுன் பின்ன வேண்டும். முன்பு செட்டிநாட்டு ஆச்சிமார் தம் கையாலேயே பின்னி விசேஷங்களில் சீரோடு வைத்த பொருள் இது. ஏறக்குறைய மறைந்தே போன இந்தக் கைவேலை மீட்கப்பட்டு, யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையையும் பின்னர் புவிசார் குறியீட்டையும் பெற்றது. எங்கோ இருந்து வாங்குகிறவருக்கு அந்த முத்திரை தரும் நம்பிக்கையை எங்கள் விளம்பரம் எதுவும் தராது.

ஆனால் திட்டம் எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் ஒரு அக்கா. விரல் ஓலையில் ஓடும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெளிநாட்டுக்கு விற்க வேண்டும் என்று அவர் பெயரில் ஏற்றுமதி எண் வாங்க உட்கார்ந்தோம். கட்டணம் 500 ரூபாய்தான், பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தன. கடைசியில் ஆதார் வழியாக மின்கையொப்பம் இட ஓ.டி.பி. வர வேண்டும். அது சென்னையில் வேலை பார்க்கும் மகனுடைய கைப்பேசிக்குப் போனது. அவன் எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினோம். "அம்மா, யாரோ ஏமாற்றுகிறார்கள், எண்ணைச் சொல்லாதீர்கள்" என்றான். அவன் சொன்னதில் தவறே இல்லை. எந்த நல்ல பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். பிறகு அக்கா தன் பெயரில் சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் வேலை நடந்தது.

2023-இல் ஜி20 நாடுகளின் மகளிர் மாநாடு நம் மாமல்லபுரத்தில்தான் கூடியது. அதே ஆண்டு டெல்லிப் பிரகடனத்தில், இணையப் பயன்பாட்டில் ஆண் பெண் இடைவெளியை 2030-க்குள் பாதியாகக் குறைப்போம் என்று தலைவர்கள் உறுதி சொன்னார்கள். பெரிய வாக்குறுதி, மனதார வரவேற்கிறேன். அந்த இடைவெளியை அளக்க வருகிறவர்கள், வீட்டில் கைப்பேசி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது யாருடைய பெயரில், யாருடைய கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். திரையில் முழுக்க ஆங்கிலம். வட்டிக் கணக்கை மனத்திலேயே போடும் பெண்கள் வாயே திறக்கவில்லை. மதிய உணவு நேரத்தில் தமிழில் பேசியபோது அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பயிற்சியாளரிடமே பதில் இல்லை. முன்பணம் எவ்வளவு கேட்பது, சரக்கு வழியில் நைந்தால் யார் பொறுப்பு, பணம் வராவிட்டால் யாரிடம் போவது. கொடுக்கிற நாட்டின் பணத்தில் ஒரு பங்கு தமிழ்ப் பயிற்சி ஏடுகளுக்கும், பயிற்சி முடிந்த பிறகும் ஊரிலேயே இருந்து உதவும் ஆளுக்கும் போக வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன்.

உங்கள் குழுவில் யாருக்காவது வெளிநாட்டு விற்பனை எண்ணம் இருந்தால், முதலில் அவருடைய ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். சிறு பார்சல்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையத்தை விசாரியுங்கள். சுங்கத் துறை பொருள்களை வகைப்படுத்தும் எண்ணில் கூடை, கொட்டான் வகைக்கு உரிய தலைப்பு 4602. ஓலைப் பொருள் என்பதால் பூச்சியோ நோயோ இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றைச் சில நாடுகள் கேட்கும். விலை பேசும் முன்பே வாங்குபவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.