அம்புக்குறி போதாதா?

வணக்கம் சார்,

நீர்மப் படிகங்கள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். குச்சி போன்ற மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்து நிற்கும் என்கிறீர்கள். அப்படியானால் புள்ளிக்கு ஒரு அம்புக்குறி வரைந்தால் போதுமே? 3×3 அணி, ஐந்து எண்கள் எல்லாம் எதற்கு?

இயற்பியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

அம்புக்குறியை வைத்துத்தான் முதலில் கணக்குப் போட்டார்கள். இயற்பியலாளர்கள் ஓசீனும், பின்னர் 1958-இல் ஃபிராங்கும் எழுதிய ஆற்றல் கோவையில் புள்ளிக்கு ஒரு அலகுத் திசையன்தான். அது விரிய, முறுக்க, வளைய எவ்வளவு ஆற்றல் பிடிக்கும் என்பதற்கு மூன்று மாறிலிகள். எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தால் மெல்லிய படலத்தில் மூலக்கூறுகள் திரும்பத் தொடங்கும் என்று கணக்கிட இன்றும் இது போதும்.

சிக்கல் அம்பின் முனையில் இருக்கிறது. குச்சிகள் ஒரே திசையில் சாய்ந்தாலும் இடம் மாறி ஓடக்கூடிய நெமாட்டிக் நிலையில் (நீங்கள் சொல்லும் நிலை இதுதான்) தலை, வால் என்ற வேறுபாடே கிடையாது. குச்சிகளில் பாதி மேலே பார்த்தும் பாதி கீழே பார்த்தும் நிற்கும். அம்புகளாகச் சராசரி எடுத்தால் சுழிதான் வரும், அத்தனையும் ஒழுங்காக நிற்கும்போதே! அதனால் ஒவ்வொரு திசையனையும் அதனோடே, கூறுக்குக் கூறு, பெருக்கிச் சராசரி எடுக்கிறோம். மைனஸும் மைனஸும் பிளஸ் என்பதால் குறி மறைந்துவிடுகிறது. கிடைப்பது ஆறு எண்கள் கொண்ட சமச்சீர் அணி. முற்றிலும் கலைந்த நிலைக்குச் சுழி வரவேண்டும் என்று அலகு அணியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மூலைவிட்டக் கூட்டுத்தொகை சுழியாகும், ஒரு எண் குறையும். நீங்கள் கேட்ட ஐந்து அதுதான். நீர்மப் படிகங்களுக்கு இயற்பியலாளர் டி ஜென் தந்த கோட்பாடு இந்த அணியின் மேல்தான் நிற்கிறது.

ஒரு தாளில் வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்தில் 0 பாகையில் கிடைக்கோடு, 90-இல் 45 பாகை சாய்ந்த கோடு, 180-இல் நிமிர்ந்த கோடு என்று நிலைக்கோணத்தில் பாதி அளவு சாய்த்துக்கொண்டே போங்கள். சுற்றி வந்ததும் மறுபடி கிடைக்கோடு, எங்கும் முறிவு தெரியாது. இப்போது அதே கோடுகளுக்கு முனை வையுங்கள். வலப்பக்கம் பார்த்துப் புறப்பட்ட அம்பு இடப்பக்கம் பார்த்து வந்து சேரும்! எங்காவது சட்டென்று திருப்பியே ஆகவேண்டும். இது வெறும் காகித வேடிக்கை இல்லை. முனைவாக்க நுண்ணோக்கியில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டே இரண்டு கரும்பட்டைகள் கிளம்பினால், அங்கே இருப்பது இந்த அரைக் குறைபாடு, அதாவது சுற்றி வரும்போது கோடு அரைச் சுற்று மட்டுமே திரும்பும் புள்ளி.

அப்புறம், எங்கே அம்பு போதும்? துளையில்லாத பகுதியில் ஆற்றல் முடிவுள்ளதாக இருந்தால் கோடுகளுக்கு முரணின்றி முனை வைத்துவிடலாம் என்று 2011-இல் கணிதவியலாளர்கள் ஜான் பாலும் (Ball) ஜார்னெஸ்குவும் நிறுவினார்கள். துளை இருந்துவிட்டால், கோடுகள் எட்டும் மிகக் குறைந்த ஆற்றலை அம்புகளால் எட்டவே முடியாத அமைப்புகளும் உண்டு.