பத்மினிக்குள் 118 என்.இ. என்ஜினை ஏற்றலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். அப்பா 1988-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். என்ஜின் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. புனேயில் ஒருவரிடம் பாடி முழுக்கத் துருப்பிடித்த பிரீமியர் 118 என்.இ. காரை வாங்கினேன். கையில் இருப்பது ஆர்.சி. ஜெராக்ஸும் அவர் எழுதித் தந்த ஒரு சீட்டும்தான். அதன் நிஸ்ஸான் என்ஜினையும் கியர்பாக்ஸையும் பத்மினியில் ஏற்ற குர்லாவில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். பத்மினியின் என்ஜினைக் கழற்றியாயிற்று. "இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. மாட்டிவிட்டு 14 நாளில் ஆர்.டி.ஓ.வில் சொன்னால் போதும்" என்கிறார் மெக்கானிக். ஆர்.சி. புதுப்பிப்பு அடுத்த வருடம் வருகிறது. சட்டப்படி சரியாகுமா?

பதில்: வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதுவரை நடந்தது பழைய என்ஜினைக் கழற்றியது மட்டும்தான். அதில் குற்றம் எதுவும் இல்லை. நிஸ்ஸான் என்ஜின் உள்ளே இறங்கி, கார் தெருவுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும்.

மெக்கானிக் சொல்லும் 14 நாள் கணக்கு அவர் கற்பனை அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவில், மூன்றாவது உட்பிரிவில் அது இருக்கிறது. ஆனால் அது தகவல் தெரிவிப்பதற்கான கெடு மட்டுமே. முதல் உட்பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள்: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. முதல் உட்பிரிவு தடுத்த ஒன்றை, செய்து முடித்துவிட்டு மூன்றாவது உட்பிரிவின்படி தெரிவித்துச் சரிசெய்துகொள்ள முடியாது. தெரிவித்தால் உங்கள் கையெழுத்திலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

"ஒரே கம்பெனி" என்பதும் உதவாது. பத்மினி ஃபியட் 1100 வழியில் வந்தது, 1089 சி.சி. 118 என்.இ. காரின் பாடி ஃபியட் 124 வழியில் வந்தது. என்ஜின் நிஸ்ஸான் ஏ12, 1171 சி.சி. இரண்டும் குர்லாவிலேயே தயாரானவைதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனித்தனி மாடல்கள். உங்கள் அப்பாவின் ஆர்.சி.யில் சி.சி. என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறதோ, வண்டியிலும் அதுவே இருக்க வேண்டும். வித்தியாசம் 82 சி.சி.தான் என்று வாதாடிப் பயனில்லை.

ஆர்.டி.ஓ. ஆய்வாளருக்கு எண் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் பானெட்டைத் திறந்ததும் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஏ12 என்ஜினோடு அதன் நிஸ்ஸான் கியர்பாக்ஸும் வந்தாக வேண்டும். பத்மினியின் கியர்பாக்ஸ் அதில் பொருந்தாது. அப்படி வந்தால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த கியர் லிவர் போய்த் தரையில் புது லிவர் வரும். அதற்காகத் தரைத் தகட்டை வெட்ட வேண்டும். என்ஜின் மவுன்டிங்குக்குப் புது பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். அதை வெட்டி ஒட்டிவிட்டு பேலன்ஸ் பார்க்காமல் விட்டால், வேகம் ஏற ஏற வண்டி அதிரும், ஷாஃப்ட்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும். நிஸ்ஸான் கியர்பாக்ஸிலிருந்து ஸ்பீடோமீட்டர் கேபிளை எடுத்தால், பத்மினியின் டிஃபரன்ஷியல் (பின் அச்சில் உள்ள பல்சக்கரத் தொகுதி) விகிதத்துக்கு அது தவறான வேகத்தைக் காட்டும். பிரேக் மட்டும் அதே பழைய டிரம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் சட்டம் சொல்லும் "அடிப்படை அம்சத்தில் மாற்றம்". கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஆர்.சி.யில் எண் கிடையாது என்பதால் அவை கணக்கில் வராது என்று கேரேஜ்களில் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 182ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிட எனக்குப் பெரிய கவலை 55-ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு. வண்டியில் பொறித்த என்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறுபட்டால், நோட்டீஸ் அனுப்பி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு பதிவையே ரத்து செய்யலாம். 1988-ஆம் வருடப் பதிவு ஒருமுறை ரத்தானால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அந்த உத்தரவை எதிர்த்து 57-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எண் உண்மையிலேயே மாறியிருக்கும்போது அங்கே போய் எதைச் சொல்வீர்கள்?

காப்பீடும் இதே வழியில்தான் போகும். பாலிசியில் என்ஜின் எண் இருக்கிறது. விபத்தில் உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க இடம் கொடுத்துவிடுகிறீர்கள். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திரும்ப வசூலிக்கவும் அது வழக்குப் போடலாம். பி.யு.சி. என்ற புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருப்பது எந்தப் பாதுகாப்பும் தராது. அந்த மையத்தில் பார்ப்பது புகையை மட்டும்தான்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். என் தேர்வு, பத்மினியின் சொந்த என்ஜினையே பிரித்துக் கட்டுவது. புகையும் ஆயில் செலவும் பெரும்பாலும் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் (உட்சுவர்), வால்வு கைடு தேய்மானம். என்ஜினின் உடலான பிளாக்கை ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஏற்கெனவே கடைசி அளவு வரை போர் செய்திருந்தால் சிலிண்டருக்குள் லைனர் என்ற புது உறையை இறக்கலாம். கிராங்க்கை கிரைண்ட் செய்து அளவுக்கேற்ற பேரிங் போடலாம். எண் பொறித்திருப்பது பிளாக்கில். பிளாக் மாறாதவரை ஆர்.டி.ஓ. அனுமதி எதுவும் தேவையில்லை. பில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: 2038-இல் இந்தக் காருக்கு 50 வயது. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி, 50 வயதைத் தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் கார்களுக்குத்தான் விண்டேஜ் பதிவு. நிஸ்ஸான் என்ஜின் ஏறினால் அந்தக் கதவு மூடிவிடும்.

பிளாக்கே விரிசல் விட்டிருந்தால், இன்னொரு பத்மினியின் 1089 சி.சி. பெட்ரோல் என்ஜினைத் தேடுங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வில் (செம்பூருக்கு வடாலா) விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காயலான் கடையில் "ஹாஃப் என்ஜின்" என்று விற்பதை எண் பார்க்காமல் வாங்காதீர்கள். தேவைப்படுவது: விற்றவரின் பில், அந்த என்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், அந்தக் காரின் பதிவு ரத்தான ஆதாரம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) வாகன் சமன்வய் தளத்தில் அந்த எண் திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற அறிக்கை. எண் துருவில் மறைந்திருந்தால் கிரைண்டர் வைக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, மேலே மெல்லிய தாள் வைத்துப் பென்சில் பிரின்ட் எடுங்கள். கிரைண்டர் தடம் பட்ட எண்ணைப் பார்த்தால் போலீஸுக்கு முதலில் வரும் சந்தேகம் திருட்டு வண்டி என்பதுதான். சந்தேகம் வந்தாலே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 106-ஆம் பிரிவின்படி காரைக் கைப்பற்றலாம். பழைய எண்ணைப் புது பிளாக்கில் தட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது போலி ஆவண வழக்கு வரை போகும்.

இவை எதற்கும் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். அது இப்போது நீங்கள் இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் உரிமை மாற்றம் கோர வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதக் கட்டணத்தோடு முடித்துவிடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணம், அம்மா, உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைச் சேருங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பிறகு காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக்கு முன் இதை முடித்தாக வேண்டும்; பசுமை வரி பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

புனே 118 என்.இ. விஷயத்தில் அவசரம் அதிகம். ஜெராக்ஸும் சீட்டும் உங்களை உரிமையாளர் ஆக்காது. அசல் ஆர்.சி.யையும், உரிமை மாற்றத்துக்காக விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 ஆகியவற்றையும் கேளுங்கள். புனேயிலிருந்து மும்பைக்கு மாற்றத் தடையில்லாச் சான்று கேட்டால் படிவம் 28. உங்கள் பெயருக்கு வந்த பிறகு இரண்டு வழி உண்டு: பாடியைச் சரிசெய்து அதை அதன் சொந்த என்ஜினோடு ஓட்டலாம், அல்லது பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யலாம். என்ஜினைத் தனியாக வைத்துக்கொள்ள நினைத்தால், அது இல்லாத காரை எடுப்பார்களா என்று மையத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். விற்றவர் கையெழுத்துப் போட மறுத்தால், ஏட்டில் இன்னும் உரிமையாளர் அவர்தான், அந்தக் காரால் வழக்கு வந்தால் சம்மன் அவர் வீட்டுக்குத்தான் போகும் என்று பதிவுத் தபாலில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சீட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.