கேள்வி பதில்: நோட்டு நிறைய வார்த்தை இருக்கிறது, கோடிட்ட இடம் மட்டும் நிரம்பவில்லை

கேள்வி: மேடம், ஈரோட்டில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வருடக் கடைசியில் கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். ஒரு பக்கம் ஆங்கில வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம் என்று எழுதித் தினமும் மனப்பாடம் செய்கிறேன். ஆனால் மாதிரித் தேர்வில் ரீடிங் ஐந்தாம், ஆறாம் பகுதி வந்தாலே கோட்டை விடுகிறேன். இன்னும் கஷ்டமான வார்த்தைகளாகப் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் நோட்டில் இருக்கும் சுலபமான வார்த்தைகளையே இன்னும் நன்றாகப் படியுங்கள், அதுதான் இந்தத் தேர்வுக்குத் தேவை. ஐந்தாம் பகுதியில் ஒரு சின்னப் பத்தி, ஆறு கோடிட்ட இடம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. நான்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம் தருகிற மாதிரிதான் கொடுப்பார்கள், அதனால் தமிழ் அர்த்தம் மட்டும் தெரிந்தவர்களுக்கு நான்குமே சரியாகத் தெரியும். ‘அரைவ்’, ‘ரீச்’, ‘கெட்’ மூன்றுக்கும் எதிரே நீங்கள் ‘போய்ச் சேர்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள், இல்லையா? ஆனால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல ‘அரைவ்’ என்றால் பின்னால் ‘அட்’ வர வேண்டும், ‘கெட்’ என்றால் ‘டு’, ‘ரீச்’ என்றால் எதுவுமே கூடாது. கோட்டுக்கு அடுத்து ‘அட்’ இருக்கிறதா என்று பார்த்தாலே விடை வந்துவிடும். ஆறாம் பகுதியில் விடைகளே கொடுக்க மாட்டார்கள், கோடிட்ட ஆறு இடத்திலும் ஒவ்வொரு வார்த்தையை நீங்களே எழுத வேண்டும், அங்கே கேட்பதும் பெரும்பாலும் இந்த மாதிரிக் குட்டி வார்த்தைகள்தான்.

அதனால் வார்த்தையைத் தனியாக எழுதாதீர்கள். ‘இன்ட்ரஸ்டட்’ என்று எழுதினால் ‘இன்’னும் சேர்த்து எழுதுங்கள், ‘டிபெண்ட்’ என்றால் ‘ஆன்’, ‘குட்’ என்றால் ‘அட்’, கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ‘மிஸ்டேக்’குக்கு ‘மேக்’, ‘ஹோம்வொர்க்’குக்கு ‘டூ’, இவை ஜோடி ஜோடியாகத்தான் மனதில் நிற்க வேண்டும். நம் ஊர் ஆங்கிலத்தில் ஊறிப்போன சிலவற்றையும் கவனியுங்கள்: ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எல்லோரும் சொல்கிறோம், தேர்வில் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபௌட்’ வராது.

எந்த வார்த்தைகளைப் படிப்பது என்று கடையில் கிடைக்கிற கண்ட பட்டியலையும் வாங்க வேண்டாம். கேம்பிரிட்ஜே இந்தத் தேர்வுக்கு ஒரு வார்த்தைப் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பல வார்த்தைகளுக்கு மாதிரி வாக்கியத்தோடு. கடைசியில் உடை, வீடு, பயணம், உடல்நலம் என்று தலைப்பு வாரியாகவும் பிரித்திருப்பார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தலைப்பு எடுத்து, தெரிந்ததை அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் மனப்பாடம். ஒரே ராத்திரியில் ஐம்பது வார்த்தை உருப்போடுவதை நிறுத்துங்கள், ஒரு நாளைக்குப் பத்து போதும், ஆனால் அந்தப் பத்தும் மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி கண்ணில் பட வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் இதற்கு, ஒரு பக்கம் வார்த்தையும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளை வரிசையான பெட்டிகளில் வைத்துப் படிக்கும் முறையைப் பரப்பினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை இன்னும் தாமதமாக எடுத்தால் போதும். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். போனில் செய்ய ஆங்கி செயலி இருக்கிறது. எப்படிச் செய்தாலும், விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சும்மா புரட்டினால் தெரிந்த மாதிரியே இருக்கும், எழுத உட்கார்ந்தால் வராது.

கேள்வி: பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா, அமெரிக்கன் ஸ்பெல்லிங்கா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே எழுதுங்கள், பாதி அது பாதி இது என்று கலக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கிங்கில் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லும்போது ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன். என்ன செய்வது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நிற்கவே கூடாது. உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம், அதில் பத்து நொடி மௌனம் பெரிய நஷ்டம். படத்தில் ஒருவர் தோட்டத்தில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறார், கையில் இருப்பதன் பெயர் வரவில்லை என்று வையுங்கள். அது எதற்குப் பயன்படுகிறது, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்: ‘இட்ஸ் எ திங் யூ யூஸ் ஃபார் டிக்கிங், இட் ஹாஸ் எ லாங் ஹேண்டில்’. பெயர் தெரியாததை இப்படிச் சுற்றிச் சொல்லிப் புரியவைப்பதும் மொழித்திறன்தான், தேர்வாளர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் சமையலறைக்குள் போய் அரிவாள்மனை, இடியாப்ப உரல், முறம் ஒவ்வொன்றையும் இப்படி இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள், பெயர் தெரியாத பொருளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.