டிரம் கிட்: புதிதா, பழையதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிரம்ஸ் வகுப்பில் ஒரு வருடம் முடித்துவிட்டேன். கையில் இருக்கும் தொகைக்குப் புது ஆரம்பநிலை கிட்டும் கிடைக்கிறது, ஆறேழு வருடம் ஓடிய இடைநிலை கிட்டும் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

பழையதை எடுங்கள், அதன் ஷெல் (டிரம்மின் மர உடல்) உருக்குலையாமல் இருக்கும் பட்சத்தில்.

ஐந்து டிரம், ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்), ஒரு சிம்பல், பெடல், ஸ்டாண்டுகள், ஸ்டூல் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும் கிட்டில் கம்பெனி எங்கேயாவது மிச்சம் பிடித்தாக வேண்டும். முதலில் கை வைப்பது சிம்பலில். அடுத்து பெடல், ஹூப் (ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), ஸ்டாண்டு, ஹெட் (டிரம்மின் மேலும் கீழும் இழுத்துக் கட்டிய சவ்வு). நன்றாக வாசிக்க ஆரம்பித்ததும் நீங்கள் மாற்றப் போவதும் இதே வரிசையில்தான். எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு, வாங்கியதில் மிஞ்சி நிற்பது வெறும் ஷெல். இடைநிலை கிட்டில் ஹூப் தடிமனாக இருக்கும். மலிவு கிட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டர் என்றால் இதில் 2.3 வரை. பேஸ் டிரம்மில் (பெடலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு பக்கத்துக்கு ஆறு லக் (ஹெட்டை இறுக்கும் திருகு மாட்டும் பிடி) என்பதற்குப் பதில் எட்டு இருக்கும். பிடித்த சுதி அதனால் சீக்கிரம் இறங்காது.

பேர்ல் எக்ஸ்போர்ட் (1982-ல் தொடங்கிய வரிசை), யமஹா ஸ்டேஜ் கஸ்டம், டாமா சூப்பர்ஸ்டார், கிரெட்ச் கேட்டலினா போன்றவை ஏராளமாக விற்றவை. அதனால் பழையது சுலபமாகக் கிடைக்கும், உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டாம்.

ஆனால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க உங்களுக்கும் தெரியாது, தெரிந்தவர் யாரும் கூட வரவும் மாட்டார் என்றால் பேசாமல் புதிதே வாங்குங்கள். அப்படி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: "ஷெல் பேக்" என்று எழுதியிருந்தால், படத்தில் சிம்பல் மின்னினாலும் பெட்டிக்குள் டிரம் மட்டும்தான் இருக்கும். பல ஷெல் பேக்கில், அடியில் கம்பிகள் கட்டிய ஸ்நேர் டிரம்கூட இருக்காது. உள்ளே என்னென்ன வருகிறது என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேப்பிள் இல்லாத கிட்டை வாங்காதே என்கிறார் மாஸ்டர். பர்ச், பாப்லர் எல்லாம் மட்டமா?

மாஸ்டரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் மரத்தின் பெயருக்காகக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டாம். மேப்பிளில் அடிநாதம் கொஞ்சம் இதமாக, நீண்டு நிற்கும். பர்ச்சில் அடி பளிச்சென்று விழுந்து சீக்கிரம் அடங்கும். யமஹா ரெக்கார்டிங் கஸ்டம் ஸ்டுடியோக்களில் பேர் வாங்கியது இதனால்தான். மகோகனியில் அடிநாதம் இன்னும் கனமாக இருக்கும். பாப்லர், பாஸ்வுட் இரண்டும் மென்மையான, மலிவான மரங்கள். இவற்றின் உண்மையான குறை சத்தத்தில் இல்லை. ஹெட் உட்காரும் விளிம்பு சட்டென்று நசுங்கிவிடும், திருகு பிடித்த இடம் நாளடைவில் தளரும், அவ்வளவுதான். இன்று பலர் தேடி அலையும் 1960-களின் லட்விக் ஷெல்களிலும் நடு அடுக்கு பாப்லர்தான்.

விளிம்பு சுத்தமாக வெட்டிய பாப்லர் ஷெல்லில் புது ஹெட் போட்டால், விளிம்பு கெட்ட மேப்பிளை அது தோற்கடித்துவிடும். காதில் விழும் வித்தியாசத்தை வரிசைப்படுத்தினால் ஹெட், சுதி, விளிம்பு, அளவு ஆகியவற்றுக்குப் பிறகுதான் மரம்.

கேள்வி: 22 அங்குல பேஸ் டிரம் வாங்குவதா, 20 போதுமா?

மெல்லிசைக் குழு, சர்ச், ராக் எல்லாவற்றுக்கும் ஒரே கிட் என்றால் 22. இடம் குறைவு, அடிக்கடி தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் 20. ஜாஸ் மட்டும் என்றால் 18. அதனுடன் 12, 14 அங்குல டாம்கள் (பேஸ் டிரம் மேலும் பக்கத்திலும் வைக்கும் டிரம்கள்) இணையும்.

டாம்களில் இரண்டு வழக்கு உண்டு. 10, 12, 14 அல்லது 10, 12, 16 என்பது ஃப்யூஷன்; 12, 13, 16 என்பது ராக். குள்ளமானவர்களும் சிறுவர்களும் ஃப்யூஷன் எடுத்தால் டாம்களைத் தாழ்வாக வைக்கலாம். கையை உயர்த்தி உயர்த்தி வாசித்துத் தோள் வலி வருகிறது என்று எழுதும் பலருடைய பிரச்சினை, 22 அங்குல பேஸ் டிரம் மேல் ஆழமான டாமை ஏற்றி வைத்திருப்பதுதான். சுருதியின் உயர்வு தாழ்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விட்டம். ஆழம் கூடினால் சத்தத்தின் கனம் கூடும்.

கேள்வி: பழைய கிட் ஒன்றைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எதை எதைப் பார்க்க வேண்டும்? வாசித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. வாசித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது ஹெட்டின் நிலைமைதான். ஹெட் எப்படியும் மாற்ற வேண்டிய சரக்கு. அடித்து ஓய்ந்த ஹெட்டோடு தகர டப்பா மாதிரி ஒலிக்கும் கிட்டுக்குள்ளே அருமையான ஷெல் இருக்கலாம். விலையைக் குறைக்க உங்களுக்கு அது நல்ல சாக்கு.

டிரம் கீ (ஹெட்டை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் சாவி), அளவு நாடா, டார்ச் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமிலும் ஸ்நேரிலும் ஹெட்டைக் கழற்ற அனுமதி வாங்குங்கள். எதையுமே கழற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதலில் ஷெல்லின் விளிம்பு, அதாவது ஹெட் உட்காரும் பேரிங் எட்ஜ். மற்ற எதையும் கடையில் வாங்கி மாற்றலாம். விளிம்பு கெட்டால் இயந்திரம் வைத்திருக்கும் டிரம் தச்சரிடம் மறுபடி வெட்டத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள். பள்ளம், பிசிறு, நசுங்கல் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, சமமான கண்ணாடி மேசை மீதோ கிரானைட் மேடை மீதோ ஷெல்லைக் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். விளிம்புக்கும் மேடைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் தாழ்ந்திருக்கிறது. முடி அளவுக் கீற்று பரவாயில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கசிந்தால் அந்த டிரம் எந்தக் காலத்திலும் சுத்தமாகச் சுதி சேராது. மேடையே சமமா என்று தெரிய, ஷெல்லைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். கீற்று ஷெல்லோடு நகர்ந்தால் குறை ஷெல்லில். அதே இடத்தில் நின்றால் மேடையில்.

பிறகு வட்டம். விட்டத்தை நான்கு திசையில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருப்பது சகஜம். மூன்றைத் தாண்டினால் வேண்டாம். நாடா இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: ஹெட்டை ஷெல் மேல் வைத்து விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் ஷெல் கோணியிருக்கிறது, அல்லது யாரோ மேலே புது ஷீட் ஒட்டித் தடிமனாக்கியிருக்கிறார்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா, டாம் மாட்டும் இடத்தில் விரிசல் உண்டா, கரும்பூஞ்சை படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லா ஷெல்லின் உட்புற மரமும் வெளியே இருக்கும் பேட்ஜும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? ஒரு டாம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், வெவ்வேறு கிட்டிலிருந்து சேர்த்தது. சத்தத்தைக் கெடுக்காது, ஆனால் விலை அதே விலை இல்லை. கூடுதலாகப் போட்ட துளைகளுக்கும் இதே கணக்கு.

ஹூப்பைக் கழற்றித் தரையில் வையுங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. டென்ஷன் ராட் (ஹூப்பை இறுக்கும் நீண்ட திருகு) ஒவ்வொன்றையும் கையாலேயே லக்கில் திருகிப் பாருங்கள். பாதியில் இறுகினால் மரை போயிருக்கிறது. ராட் மலிவு, லக் கொஞ்சம் செலவு. நின்றுபோன பழைய மாடல் என்றால் லக் கிடைப்பதே கஷ்டம். பேஸ் டிரம்மின் மர ஹூப்பில் பெடல் கவ்வும் இடம் நசுங்கியிருக்கும். லேசாக என்றால் விட்டுவிடலாம், பிளந்திருந்தால் பேரம் பேசுங்கள். பேஸ் டிரம்மின் இரு பக்கக் கால்களையும் விரித்து இறுக்கி, டிரம்மை முன்னால் தள்ளிப் பாருங்கள். நழுவும் கால், வாசிக்கும்போது உங்களைத் துரத்த வைக்கும்.

ஸ்நேரில், கம்பிகளைக் கீழ் ஹெட்டோடு சேர்த்துப் பிரிக்கும் லீவரை ஏற்றி இறக்குங்கள். அடிக்கும்போது தானாக விழக் கூடாது. கம்பிகள் எல்லாம் ஒரே நீளத்தில் தட்டையாக உட்கார வேண்டும். கீழ் ஹெட்டை விரலால் அழுத்தவே அழுத்தாதீர்கள். மேல் ஹெட் 10 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் அது 3 மில் தடிமன்தான்.

துரு விஷயத்தில் மேலோட்டமான பழுப்பு துடைத்தால் போகும். குரோம் குழிகுழியாக அரித்திருந்தால் போகாது.

கேள்வி: கிட்டோடு வந்த சிம்பல்கள் தட்டு மாதிரி ஒலிக்கின்றன. என்ன செய்யலாம்?

அவை பித்தளையாக இருக்கும். எந்தக் குச்சியை மாற்றியும் பயனில்லை. செம்பும் தகரமும் கலந்த வெண்கலத்துக்குப் போக வேண்டும். இதில் 8 சதவீதம் தகரம் உள்ளது பி8, 20 சதவீதம் உள்ளது பி20. பி8 பொதுவாகக் கூர்மையாகப் பளிச்சிடும், பி20-யில் நாதம் அடுக்கடுக்காக விரியும். ஜில்ட்ஜியன், சபியன், மைனல், பைஸ்டி எல்லோரிடமும் மலிவு வரிசையும் உயர்ந்த வரிசையும் இருக்கின்றன. ஆகவே பிராண்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் வரிசைப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். முதலில் 14 அங்குல ஹை-ஹாட்டை மாற்றுங்கள், ஏனென்றால் அதிக நேரம் குச்சி படுவது அதில்தான். அப்புறம் தொடர்ந்து தாளம் அடிக்கும் 20 அங்குல ரைடு, கடைசியாக அழுத்தம் கொடுக்க அடிக்கும் 16 அல்லது 18 அங்குல க்ராஷ்.

சிம்பலும் பழையதாக வாங்கலாம். ஓரத்தை நகத்தால் சுற்றி வாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அது வளரும். நுனியில் துளை போட்டால் கொஞ்ச காலம் நிற்கும், குணமாகாது. வரிவரியான பள்ளத்தோடு ஓடும் விரிசலைக் கண்டுபிடிப்பது கடினம், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளை சாவித்துளை போல நீண்டிருந்தால், பிளாஸ்டிக் குழாய் போடாமல் ஸ்டாண்டில் மாட்டி வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அழுக்கும் பச்சைக் கறையும் பெரிய விஷயமே இல்லை.

கேள்வி: டபுள் பெடல் (இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்க உதவுவது) இப்போதே வாங்கலாமா?

அவசரம் வேண்டாம். ஒற்றைப் பெடலே இடம் வலம் ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. முழு அளவு கிட் வாங்கினால் வளர வளரப் பயன்படும் அல்லவா?

இந்த வயதில் கால் பெடலுக்கு எட்டாது, எட்டுவதற்காக ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து முதுகு கெடும். 16 அங்குல பேஸ் டிரம் உள்ள சிறிய கிட் போதும். பொம்மைக் கிட்டாக இல்லாமல், 16-10-13 அளவில் வரும் லட்விக் பிரேக்பீட்ஸ் போன்றதை எடுத்தால் அவள் வளர்ந்த பிறகும் சிறிய மேடைகளில் வாசிக்கலாம்.

காதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்புப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு அந்தக் கணக்கு 15 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அறைக்குள் டிரம் கிட் அதைச் சாதாரணமாகத் தொடும். குழந்தைக்குக் காது மூடி கட்டாயம், பக்கத்தில் உட்காருபவருக்கும்தான்.

கேள்வி: புது ஹெட் போட்டும் டாம்களில் "வொய்ங்" என்ற இழுவை போகவில்லை. ஜெல் (நாதத்தை அடக்க ஹெட்டில் ஒட்டும் பசைத் துண்டு) ஒட்டலாமா?

ஜெல் கடைசி. அந்த இழுவைக்குக் காரணம் அநேகமாக ராடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதியில் நிற்பதுதான். ஹெட்டை முழுக்கத் தளர்த்தி விளிம்பைத் துணியால் துடையுங்கள். எல்லா ராடுகளையும் விரலால் முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு கீயால் ஒன்றுக்கு அரைச் சுற்று. பக்கத்து ராடுக்குப் போகாமல் எதிர் ராடுக்குப் போங்கள். சுருக்கம் மறைந்ததும் நடுவில் விரல் வைத்து லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு ராடுக்கும் முன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தட்டுங்கள். தாழ்ந்து கேட்கும் இடத்தைக் கால் சுற்றுக்கும் குறைவாக ஏற்றுங்கள். உயர்ந்து கேட்டால் நேராக இறக்காமல், தேவைக்குக் கீழே தளர்த்திவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கிய இடத்தில் ராட் நிலையாக நிற்காது.

கீழ் ஹெட்டுக்கும் இதே வேலை. இரண்டும் ஒரே சுதி என்றால் நாதம் நீளும். கீழது சற்று உயர்ந்தால் கட்டுக்குள் வரும். ஒற்றை அடுக்கு 10 மில் ஹெட் போட்டிருந்தால், 7 மில் அடுக்கு இரண்டு சேர்ந்த ஹெட்டுக்கு மாறிப் பாருங்கள்; இழுவை இயல்பாகவே குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் டாம் அடிக்கும்போது ஸ்நேர் கம்பி சிலிர்க்கிறதா? அது பழுதல்ல. அந்த டாமின் சுதியும் ஸ்நேரின் சுதியும் நெருங்கி நிற்கின்றன. டாமை அரைச் சுரம் நகர்த்திப் பாருங்கள்.