செத்தவனுக்குக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் இத்தாலியப் படம் எது?

டானியேல் லுக்கெட்டி இயக்கி 2019-இல் வந்த ‘மொமென்டி டி ட்ராஸ்குராபிலே ஃபெலிசிடா’. பெரிதாகக் கண்டுகொள்ளத் தேவையில்லாத சந்தோஷத் தருணங்கள் என்று தலைப்புக்குப் பொருள்.

பலெர்மோ நகரில் ஒரு நாற்சந்தி. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சிவப்பு விழும் அந்த நொடியில் ஸ்கூட்டரில் புகுந்து போவது பாவ்லோவின் தினசரிக் குஷி. ஒருநாள் கணக்குப் பிசகுகிறது, ஆள் காலி. மேலுலக அலுவலகத்திலும் கணக்குப் பிசகு: அவன் குடித்த இஞ்சிச் சாற்றை ஆயுளில் சேர்க்கவில்லையாம்! (நம்மூர்த் தாலுகா ஆபீஸ் தேவலாம்.) ஆகவே 1 மணி 32 நிமிடம் கூடுதல்.

அதில் பெரிய சாகசமெல்லாம் கிடையாது. மனைவி, பிள்ளைகள், பழைய தப்புகள், ஃபிரிட்ஜை மூடினால் உள்விளக்கு அணைகிறதா என்ற சந்தேகம், இவ்வளவுதான். பாவ்லோவாக பிஃப் நடித்திருக்கிறார். அந்த அசட்டு முகத்துக்காகவே பார்க்கலாம்.