தெளிந்த நீரை நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மாடியில் அக்வாபோனிக்ஸ்

மீன் வளரும் தொட்டியின் நீரை ஜல்லி நிரப்பிய செடிப் பாத்திக்கு ஏற்றி, அங்கிருந்து மீண்டும் தொட்டிக்கே வடியவிடும் அக்வாபோனிக்ஸ் முறையைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை செடியைப் பற்றியவை அல்ல. தொடங்கிய முதல் மாதத்திலேயே மீன் செத்துப்போனதைப் பற்றியவை. ஆகவே இம்முறை நீரின் தரம் குறித்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டி வைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பி, மறுநாளே முப்பது திலாப்பியா குஞ்சுகளை விட்டேன். நாளுக்கு 30 கிராம் தீவனம் போட்டு வந்தேன். பதினோராம் நாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் பாதி இறந்துவிட்டன. தண்ணீரோ அடித்தளம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. குஞ்சு விற்றவர் நோய் என்கிறார். சோதனைப் பெட்டியில் அம்மோனியா 4, நைட்ரைட் 2, பி.எச். 8.2 என்று காட்டுகிறது. என்ன செய்வது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நோய் என்று மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. எனவே தண்ணீர் கண்ணாடிபோல் இருப்பதற்கும் அது மீனுக்கு ஏற்றதாக இருப்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மீன் தின்னும் தீவனத்திலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக, அம்மோனியாவாக நீரில் வெளியேறுகிறது. 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் 30 கிராம் போட்டால் ஏறத்தாழ 0.9 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உருவாகும். 500 லிட்டர் நீரில் அது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். பழகிய தொட்டியில் இந்த அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட் செடிக்கு உணவு. மீனுக்கும் பெரிய தொந்தரவு தராது. ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியின் மேல் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்கள் மறுநாளே மீனை விட்டதால், சமையலறை கட்டி முடியும் முன்பே விருந்தினரை அழைத்தது போலாகிவிட்டது. குஞ்சு விற்பவர்களில் பலர் இந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்வதே இல்லை.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.2 ஆக இருப்பது இதை மேலும் மோசமாக்கியிருக்கிறது. சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் மீனைக் கொல்லும் வடிவம் ஒரு பகுதிதான். நீர் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் அந்தப் பகுதி நூற்றில் ஒன்றைக்கூடத் தொடாது, பி.எச். 8 என்றால் ஏழரை, உங்கள் 8.2க்கு ஏறத்தாழப் பதினொன்று. 4 மி.கி.யில் அது 0.4 மி.கி.க்கும் மேல். பல மீன் இனங்களின் செவுள்கள் 0.05 மி.கி.யைத் தாண்டியதுமே பாதிக்கப்படத் தொடங்குகின்றன; திலாப்பியா சற்றுத் தாங்கும், நாள்கணக்கில் தாங்காது. தவிர, உங்கள் பெட்டியின் வண்ண அட்டையில் கடைசிக் கட்டமே 4 தானா என்று பாருங்கள். அப்படியானால் உண்மை அளவு இன்னும் கூடுதலாக இருக்கலாம். ஒரு பங்கு தொட்டி நீருடன் மூன்று பங்கு வடிகட்டிய நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தீவனத்தை உடனே நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் பட்டினியால் எந்தக் கெண்டையும் திலாப்பியாவும் இறப்பதில்லை. ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஆனால் புது நீரின் பி.எச். தொட்டி நீரைவிடக் கூடுதலாக இருந்தால், அம்மோனியாவைக் குறைக்கப்போய் எஞ்சியிருப்பதன் நச்சைக் கூட்டியவர் ஆவீர்கள். எனவே முதலில் அதைச் சோதியுங்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். அப்போது ரத்தமும் செவுளும் பழுப்பாக மாறும். நீரில் உள்ள குளோரைடு இதைத் தடுக்கும். 500 லிட்டருக்கு 80 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் லிட்டருக்குச் சுமார் 100 மி.கி. குளோரைடு கிடைக்கும். உங்கள் கிணற்று நீரே உவர்ப்பானது என்றால் உப்பு தேவையில்லை. அவரை வகைச் செடிகள் உப்பைப் பொறுக்கா.

கேள்வி: மீன் விடாமலே பாக்டீரியாவை வளர்க்க முடியும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஜீவாமிர்தம் எப்போதும் தயாராக இருக்கும். அதையே தொட்டியில் ஊற்றலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: முடியும், என் கருத்தில் அதுதான் சரியான தொடக்கமும்கூட. ஆனால் ஜீவாமிர்தம் வேண்டாம். அது மண்ணுக்கானது. சாணமும் வெல்லமும் கலந்த அந்தக் கரைசலில் பெருகுபவை வேறு வகை நுண்ணுயிர்கள். அவை நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். சாணத்தின் வழியே வரும் குடல் கிருமிகள், நீங்கள் பச்சையாகத் தின்னப்போகும் கீரையை எட்டும். கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளிலும் எச்சரிக்கை தேவை. நமக்கு வேண்டிய நைட்ரைட், நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்கள், உலர்ந்தாலும் உயிரோடு கிடக்கும் வித்துகளை உருவாக்குபவை அல்ல; ஆகவே உலர்ந்த பொடியாகப் பல மாதம் அலமாரியில் இருந்தவற்றில் அவை உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவற்றுக்கு உணவாக வேண்டியது அம்மோனியா மட்டுமே. சர்க்கரையோ சாணமோ இல்லாமல், அம்மோனியாவை எரித்தே இவை உயிர்வாழ்கின்றன என்பதை ரஷ்ய அறிவியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டு வாக்கிலேயே நிறுவிவிட்டார். எனவே அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான். ஆனால் அவர்களிடமிருந்து வாங்க வேண்டாம், அதில் உலோகத் துகள் கலந்திருக்கக்கூடும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய்மையானதை வாங்குங்கள். 500 லிட்டர் நீருக்கு 4 கிராம் கரைத்து ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. அளவை எட்டும். மோட்டாரும் ஏர் பம்பும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். தொட்டியை மூடி வையுங்கள், வெயில் வெளிச்சம் இந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது.

முதல் வாரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். பலர் இந்த இடத்தில்தான் அம்மோனியா பூச்சியம் ஆகிவிட்டது என்று மகிழ்ந்து மீனை விட்டுவிடுகிறார்கள். நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியா பின்தங்கியே வரும். அதன் இறக்கத்துக்கு மேலும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அம்மோனியா 0.5க்குக் கீழே போகும்போதெல்லாம் இன்னும் 2 கிராம் நவச்சாரம் சேர்த்துக் காத்திருங்கள். ஒருநாள் முழு 4 கிராமையும் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமாகி, நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார். அப்போதும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளோடு தொடங்குங்கள். நண்பர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அக்வாபோனிக்ஸ் பாத்தியிலிருந்து ஒரு வாளி ஜல்லி கிடைத்தால், ஈரம் காயாமல் கொண்டுவந்து கலந்துகொள்ளுங்கள். காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி: மாநகராட்சிக் குழாய் நீரை நேரே நிரப்பலாமா?
— வாசகர், சென்னை

பதில்: கூடாது. குடிநீர்க் குழாயின் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. கிருமியைக் கொல்லப் போடப்பட்ட அது, உங்கள் பாக்டீரியாவையும் செவுளையும் விட்டுவைக்காது. லாரி நீரில் சில வேளைகளில் இன்னும் கூடுதலாக இருக்கும். தனி டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வைத்திருந்தால் போதும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி, அதாவது சோடியம் தயோசல்பேட், சில சொட்டு போதும். ஆவியாகும் நீரை ஈடுசெய்ய ஓஸ் பைப்பை நேரே தொட்டியில் போட்டுவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமான விபத்து.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். 8.2, காரத்தன்மை லிட்டருக்கு 380 மி.கி. என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் அறிக்கை தந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்த்தேன். மாலையில் 7 ஆனது, இரண்டு நாளில் மீண்டும் பழைய நிலை. ஆர்.ஓ. நீருக்கு மாறிவிடலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆய்வகத்துக்கு நீரைக் கொடுத்துப் பார்த்தீர்களே, அதற்கு என் பாராட்டு; பலர் மீன் செத்த பிறகுதான் அங்கே போகிறார்கள். உங்கள் அறிக்கையில் கவனிக்க வேண்டிய எண் 8.2 அல்ல, 380. பி.எச். என்பது இப்போதைய நிலை. காரத்தன்மை என்பது அந்த நிலையை விட்டுக்கொடுக்காத பிடிவாதம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்று முடித்ததும் நீர் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இப்படி நாளுக்கொரு பி.எச். ஆக ஏற்றி இறக்குவது, நிலையான 8.2-ஐவிட மீனுக்குக் கொடுமையானது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சிறிய அக்வாபோனிக்ஸ் பற்றி 2014-இல் வெளியிட்ட கையேடு, பி.எச். 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது நல்லது என்கிறது. அது மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் பொதுவான சமரசம். ஆனால் தொடங்கும் காலத்தில், அதாவது மீன் இல்லாமல் பாக்டீரியாவை வளர்க்கும் வாரங்களில், உங்கள் நீர் ஒரு குறையே அல்ல. அந்தப் பாக்டீரியாவுக்கு 7க்கு மேற்பட்ட பி.எச்.தான் பிடிக்கும். மேலும் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. 500 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 20 கிராம் தீவனம் போடும் நிலை வந்தபின், லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கும் மேல் காரத்தன்மை தினமும் செலவாகும். புது நீர் சேராவிட்டால் ஒன்றரை மாதத்தில் 380 தீர்ந்துபோகும். சிக்கல் என்னவென்றால், ஆவியாகும் நீருக்கு ஈடாக அதே கிணற்று நீரை ஊற்றி, செலவானதை நீங்களே நிரப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு மழைநீரே தீர்வு. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயின் ஒரு கிளையை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்பி, முதல் மழையின் அழுக்கை விட்டுவிட்டுப் பிடித்து வையுங்கள். கிணற்று நீரும் மழைநீரும் சரிபாதி என்றால் காரத்தன்மை 190க்கு வந்துவிடும். ஆர்.ஓ. நீரையும் இப்படிக் கலப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். முழுக்க அதுவே என்றால் பிடிமானமே இல்லாமல் சில வாரங்களில் பி.எச். சரிந்துவிடும். அமிலம் தவிர்க்க முடியாதபோது பாஸ்பாரிக் அமிலத்தைத் தனி டிரம்மில் உள்ள நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரண்டு நாள் பி.எச். பார்த்தபின் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். பேட்டரி அமிலமும் குளியலறை கழுவும் அமிலமும் வீட்டில் இருக்கின்றன என்பதற்காக இங்கே வரக்கூடாது.

இன்னொன்று: உங்கள் பாத்தியில் இருக்கும் கல் என்ன கல்? அதில் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான்கல் கலந்திருக்கிறது. அது இருக்கும்வரை எந்த அமிலமும் வீண். கருங்கல் ஜல்லி நுரைக்காது.

கேள்வி: கோடையில் தொட்டி நீர் 34 டிகிரிக்குப் போகிறது, மின்வெட்டும் உண்டு. மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?
— வாசகர், வேலூர்

பதில்: மீனின் எண்ணிக்கையையும் எடையையும் சொல்லாததால் மணிக்கணக்கு சொல்ல இயலாது. 30 டிகிரி நீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற அது குறையும், மீனின் தேவையோ கூடும். பாக்டீரியாவும் ஒரு பங்கு கேட்கும். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்; கறுப்புத் தொட்டியின் வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். மின்சாரம் போனால் தானாக இயங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்துக்குச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிடுங்கள். மின்வெட்டு நேரம் முன்பே தெரிந்திருந்தால் அதற்கு முந்தைய வேளைத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள், தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் என்பதால், ஒருநாள் அந்த நேரத்தில் எழுந்து மீன்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

கேள்வி: ஐந்து மாதமாக எல்லாம் நன்றாக நடந்ததால் சோதனையை நிறுத்திவிட்டேன். இப்போது கீரை வெளுக்கிறது, பார்த்தால் பி.எச். 5.7, அம்மோனியா 2. மீன்கள் மட்டும் சாதாரணமாக இருக்கின்றன. சுண்ணாம்பு போடலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: போடலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. காரத்தன்மை தீர்ந்து, பி.எச். 6க்குக் கீழே போனதால் பாக்டீரியாவின் வேலை தளர்ந்து, அம்மோனியா மீண்டும் தேங்கியிருக்கிறது. இந்தப் பி.எச்.சில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இல்லை. மீன்கள் பிழைத்திருப்பது அதனால்தான். கைநிறையச் சுண்ணாம்பை அள்ளிப்போட்டு நீரை 8க்கு ஏற்றினீர்களானால், இதுவரை தீங்கு செய்யாமல் கிடந்த அதே அம்மோனியா ஒரு மணி நேரத்தில் நஞ்சாகிவிடும். எதுவும் கலக்காத நீற்றுச் சுண்ணாம்பு 5 கிராமை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் 500 லிட்டர் தொட்டியில் காலையில் மெல்ல ஊற்றுங்கள், மறுநாள் பி.எச். பார்த்துவிட்டு அடுத்த அளவு. நாளுக்கு 0.2 அல்லது 0.3க்கு மேல் ஏற விடாதீர்கள். ஒருநாள் சுண்ணாம்பு, ஒருநாள் பொட்டாசியம் பைகார்பனேட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் கீரைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் சேர்ந்தே கிடைக்கும். பி.எச். 6.5-ஐத் தொட்டு, அம்மோனியா 0.5க்குக் கீழே இறங்கும்வரை தீவனத்தைப் பாதியாக்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் சோதித்து நாட்காட்டியிலேயே எழுதி வாருங்கள்.