முதல் மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டதால் இஎஸ்ஐயில் வேலையிழப்பு நிவாரணம் வாங்கினேன். இந்த மாதம் 10-ஆம் தேதி நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். முதல் மாதச் சம்பளம் டெபாசிட்டாம், வேலையை விடும்போதுதான் தருவார்களாம். அதுவரை சமாளிக்கத் தெரிந்தவர் ஒருவர் 15,000 தருகிறேன் என்கிறார். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் கேட்கிறார். வாங்கிய நிவாரணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்வார்களா?

பதில்: நிவாரணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். இஎஸ்ஐயில் இந்த நிவாரணம் தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினக்கூலியில் பாதி கிடைக்கும். வேலையில்லாத நாட்களுக்கு வாங்கியது உங்கள் பணம். 10-ஆம் தேதிக்குப் பிந்தைய நாட்களையும் சேர்த்துக் கேட்டிருந்தால் மட்டும் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். புதுக் கடையில் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள்.

அப்புறம் அந்த டெபாசிட். ‘எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்’ என்பார்கள். வழக்கமாக இருக்கலாம், சட்டத்தில் இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். என்னென்ன பிடிக்கலாம் என்று பிரிவு 18 பட்டியல் போட்டிருக்கிறது. டெபாசிட் அதில் இல்லை. நீங்களே வேலையை விட்டாலும் இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்க வேண்டும்.

30 நாள் மாதம் என்றால் உங்களுக்கு 21 நாள் சம்பளம், 8,400 ரூபாய். அந்த 8,400 முழுவதற்கும் பிஎப் 12 சதவீதம், இஎஸ்ஐ 0.75 சதவீதம் போனால் கையில் வருவது 7,300 சொச்சம். 12,000 வரும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போதே பணம் வேண்டுமென்றால் முதலாளியிடம் அட்வான்ஸ் கேளுங்கள். தொகையும் மாதாமாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் ஒரு தாளில் இருக்கட்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டில் ஒரு கம்மல் இருந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குவதும் மோசமில்லை.

அந்தச் செக்கை மட்டும் கொடுக்காதீர்கள். தொகையை நான் எழுதவில்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் லேசில் எடுபடாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்றே சட்டம் முதலில் கொள்ளும். வெற்றுச் செக்குக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 15,000 கொடுத்தவர் ஒன்றரை லட்சம் என்று எழுதினால், இல்லை என்று காட்டும் பாடு உங்களுடையது. கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை என்று 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் செக் வழக்கு வந்த பிறகு அதைப் பேசுவது வேறு கதை.

கடைக்காரரிடம் முதலில் தன்மையாகவே சொல்லிப் பாருங்கள். வருகைப் பதிவேட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். 7-ஆம் தேதி தாண்டியும் வரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் எழுத்தில் மனுக் கொடுங்கள். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, பாக்கியைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் பீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நேரிலேயே மனுவைக் கொடுக்கலாம்.